காயத்தில் ஒட்டிய பட்டை தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டைப் பிரித்துப் பார்த்தால் சிலருக்குத் தையல் நூலே வெளியே தெரியாது. காயக்கோட்டின் குறுக்கே மெல்லிய பட்டைகள் மட்டும் வரிசையாக ஒட்டியிருக்கும். ஸ்டெரி-ஸ்ட்ரிப், லூக்கோஸ்ட்ரிப் போன்ற பெயர்களில் வருபவை இவை. காற்றுப் புகும் மெல்லிய துணி போன்ற பொருள், இழுத்தால் அறுந்துபோகாமல் இருக்க நீளவாக்கில் ஓடும் இழைகள், அடியில் அக்ரிலேட் பசை. அவ்வளவுதான் சமாச்சாரம். அகலம் பெரும்பாலும் 3, 6 அல்லது 12 மி.மீ. இருக்கும். காயம் சிறியதாகவும் முகத்திலும் இருந்தால் ஒல்லியான பட்டை, உடம்பில் நீளமான காயம் என்றால் அகலமான பட்டை.

பட்டை கழன்றது, நனைந்தது, அரிக்கிறது என்று வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: பட்டைக்கு அடியில் தையல் இருக்கிறதா, இல்லையா?

கை கால் கீறல், நெற்றியில் சின்ன வெட்டு போன்றவற்றில் பட்டை மட்டுமே காயத்தை மூடிப் பிடித்துக்கொண்டிருக்கும். சிசேரியன், தைராய்டு, குடலிறக்கம், லேப்ராஸ்கோப்பித் துளைகள் போன்றவற்றில் கதை வேறு. அங்கே அறுவை மருத்துவர் தோலுக்கு அடியில் தானாகக் கரையும் நூலால் தைத்து முடித்துவிட்டு, மேலே கூடுதல் துணைக்காகப் பட்டையை ஒட்டியிருப்பார். வெளித்தையலைப் பிரித்த பிறகு, ஆறிய இடம் விரியாமல் இருக்கவும் ஒட்டுவது உண்டு. முதல் வகையில் பட்டை விழுந்தால் காயமே திறக்கலாம். இரண்டாவது வகையில் பட்டை விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சப்கியூட்டிகுலர், மோனோக்ரில், விக்ரில் என்று ஏதாவது எழுதியிருந்தால் அடியில் தையல் இருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லையா, போன் செய்து கேட்டுவிடுங்கள். கேட்காமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. சில காயங்களில் பட்டையைப் பற்றியே யோசிக்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். 10, 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை; உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறது; காயத்துக்கு அப்பால் மரத்துப்போயிருக்கிறது; விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை; நாய், பூனை, மனிதர் கடித்த காயம்; கண்ணாடித் துண்டு உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம். இதில் எது இருந்தாலும் பட்டை ஒட்டி மூடுவது ஆபத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். டி.டி. ஊசியையும் (டெட்டனஸ் தடுப்பூசி) மறந்துவிட வேண்டாம். முறையாகத் தடுப்பூசி போட்டவருக்கும் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்; மண், சாணம் பட்ட அழுக்குக் காயம் என்றால் 5 ஆண்டு ஆகியிருந்தாலே போட வேண்டும்.

ஒட்டும்போதே பிடிக்கவில்லை

தோல் ஈரமாக இருக்கிறது, அல்லது எண்ணெய்ப் பசை இருக்கிறது. பத்துக்கு ஒன்பது முறை இதுதான் காரணம். பட்டை மட்டமான தயாரிப்பு என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் தோலைத் தொட்டுப் பாருங்கள்.

ரத்தம் இன்னும் கசிந்தால் எந்தப் பட்டையும் நிற்காது. சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே தூக்கிப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நின்ற பிறகு சுத்தமான ஓடும் நீரிலோ சலைனிலோ கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். எண்ணெய், வியர்வை, கிரீம் இருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் சுற்றுத்தோலை மட்டும் துடைத்து, காயும் வரை காத்திருங்கள். காயத்துக்குள் ஸ்பிரிட் போகக் கூடாது. எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், திறந்த திசுவுக்கே அது கெடுதல். போவிடோன் அயோடின் தடவியிருந்தால் அந்தப் பழுப்புப் படலமும் பசையைப் பிடிக்க விடாது. அதையும் துடைத்தெடுங்கள்.

முடி இருந்தால் கத்தரிக்கோலால் குறைத்துக்கொள்ளலாம். சவரம் செய்ய வேண்டாம். பிளேடு ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களில் கிருமி குடியேறும். புருவத்தில் கத்தரிக்கோலும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். விளிம்புகளைச் சரியாகப் பொருத்த அந்த முடிக்கோடுதான் அடையாளம்.

இவ்வளவு செய்தும் பிடிக்காவிட்டால் மருத்துவமனைகளில் டிங்சர் பென்சாயின் தடவுவார்கள். சாம்பிராணிப் பிசினை ஆல்கஹாலில் கரைத்த கரைசல் அது. காயத்தின் இருபுறமும் மெல்லிய படலமாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டும் பதம் வரும் வரை விட்டுவிட்டு அப்புறம் பட்டையை வைப்பார்கள். பிடிமானம் நன்றாகவே கூடும். ஆனால் இதுவும் காயத்துக்குள் சொட்டக் கூடாது, சிலருக்கு இதனாலேயே ஒவ்வாமையும் வரும். அதனால் எல்லோருக்கும் வழக்கமாகத் தடவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தேவைப்படும் இடத்துக்கு மட்டும் போதும்.

உள்ளங்கை, பாதம், அக்குள், தொடை இடுக்கு, தலை. இங்கெல்லாம் என்ன செய்தாலும் நிற்காது. வியர்வையும் முடியும் விடாது. அங்கே மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வேறு வழியைப் பார்ப்பதே நல்லது.

ஓரம் சுருண்டு தூக்கிக்கொண்டு நிற்கிறது

மூன்று, நான்கு நாளில் முனைகள் கொஞ்சம் தூக்குவது இயல்பு. தூக்கிய பகுதியை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். ஆடையில் மாட்டி இழுபடாது. இழுத்துப் பிய்க்க வேண்டாம்; அந்த முனை கையோடு வந்துவிட்டாலும் காயத்தின் மேல் இருக்கும் பகுதி இன்னும் கெட்டியாகத்தான் ஒட்டியிருக்கும்.

முதல் நாளிலேயே தூக்கினால் யோசிக்க வேண்டும். பட்டை குட்டையாக இருந்திருக்கலாம். காயத்தின் இரு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. வரை நல்ல தோலில் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்குப் பட்டைகளின் முனைகள் மேல் நீளவாக்கில், காயத்துக்கு இணையாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைகள் ஒட்டாமல் விட்டிருக்கலாம். இந்த இரண்டும் அலங்காரம் இல்லை. முனைகள் தூக்காமல் பிடிப்பதும், இழுவிசையைப் பரப்பி முனையடித் தோலில் கொப்புளம் வராமல் காப்பதும் அவைதான்.

அடுத்த சந்தேகம் களிம்பு. காயம் என்றாலே ஆன்டிபயாடிக் களிம்பு தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. பெட்ரோலியம் ஜெல்லி அடிப்படையிலான களிம்பு பசையை இளக்கிப் பட்டையைக் கழற்றிவிடும். பட்டை ஒட்டிய காயத்தில் களிம்பு வேண்டாம். இரண்டில் ஒன்றுதான்.

முழுப் பட்டையே விழுந்துவிட்டது

எத்தனையாவது நாள் என்று பாருங்கள்.

10 முதல் 14 நாளுக்குள் தானாக விழுந்தால் அதன் வேலை முடிந்தது. முகத்தில் 5 நாள் கடந்தாலே பெரும்பாலும் போதும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் ஆறும். அடியில் தையல் இருக்கும் அறுவைக் காயத்தில் எந்த நாளில் விழுந்தாலும், காயக்கோடு மூடியிருக்கும் வரை பதற வேண்டாம். அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும்.

பட்டை மட்டுமே பிடித்திருந்த காயம், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் விழுந்துவிட்டது என்றால் கைகளைக் கழுவிக்கொண்டு காயத்தைப் பாருங்கள். விளிம்புகள் ஒட்டி, கோடு போல இருக்கிறதா? தோலை உலர்த்திவிட்டுப் புதிய பட்டையை அதே இடத்தில் வைக்கலாம். பழைய பட்டையைத் திருப்பி ஒட்டாதீர்கள். பசையும் போயிருக்கும், சுத்தமும் போயிருக்கும். விளிம்புகள் பிரிந்திருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

இந்த நாள் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. நன்றாக மூடிய காயத்தின் மேல்தோல் சுமார் 48 மணி நேரத்தில் மெல்லிய படலமாக இணைந்துவிடும். வெளியிலிருந்து கிருமி நுழைவது அதன் பிறகு கடினம். ஆனால் வலு என்பது வேறு கணக்கு. ஒரு வாரம் ஆன காயத்துக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்கு கூட வந்திருக்காது. மாதக்கணக்கில் ஆனாலும் ஏறக்குறைய 80 சதவீதத்தோடு நின்றுவிடும், முழுதாகத் திரும்புவதில்லை. ஏழாவது நாள் பார்க்க அழகாக ஆறியிருக்கிறதே என்று கனமான பையைத் தூக்கினால் காயம் திறப்பது இதனால்தான்.

காயம் வாய் பிளக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பட்டை ஒழுங்காக ஒட்டியிருக்கும், ஆனால் அதற்கு நடுவே காயம் விரிந்திருக்கும். பட்டைமேல் பட்டையாக அடுக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. அது எடுபடாது. பிளக்கும் காயம் ஒன்றைச் சொல்கிறது: இங்கே இழுவிசை அதிகம், தோலின் மேல்பரப்பை மட்டும் பிடிக்கும் எதனாலும் இதைத் தாங்க முடியாது.

தோல் உடம்பின் மேல் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இழுவையில் இருப்பதில்லை. வியன்னாவில் பணிபுரிந்த உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர் 1861இல் இதை வரைபடமாகவே வெளியிட்டார். இறந்தவர்களின் உடலில் வட்ட முனைக் கருவியால் குத்தினால் துளை வட்டமாக நிற்காமல் நீள்வட்டமாக விரிவதை வைத்து, இழுவை எந்தத் திசையில் ஓடுகிறது என்று கோடுகளாகக் குறித்தார். அந்தக் கோட்டுக்கு இணையாக வெட்டினால் காயம் அமைதியாகக் கிடக்கும். குறுக்கே வெட்டினால் பிளக்கும். அறுவை மருத்துவர்கள் இதையும் இதற்குப் பின் வந்த வரைபடங்களையும் பார்த்தே கத்தி வைக்குமிடத்தைத் தேர்வு செய்கிறார்கள். விபத்துக்கு அந்தத் தேர்வு கிடையாது. மூட்டின் மேல் விழும் காயம், மார்பு நடுவில், தோளில் விழும் காயம் இவற்றில் எல்லாம் பட்டை தோற்பது பட்டையின் குற்றம் அல்ல.

அப்புறம், ஒட்டிய விதத்தையும் பாருங்கள். பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் காயத்தை மூட வேண்டும் என்று நினைப்பது பரவலான தவறு. கதவைச் சாத்துவது கை, தாழ்ப்பாள் போடுவது பட்டை. முதலில் நீளமான காயத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டையின் பாதியை ஒரு பக்கத்தில் அழுத்தி ஒட்டி, மறு பக்கத் தோலை விரலால் தள்ளிக் கொண்டுவந்து விளிம்போடு விளிம்பு சேர்த்து, அதன் பிறகு மீதிப் பாதியை இழுக்காமல் படியவிடுங்கள். அடுத்த பட்டை அதற்கும் முனைக்கும் நடுவில். இப்படியே பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு முனையில் தோல் மிஞ்சி மடிந்து நிற்காது. பட்டைக்கும் பட்டைக்கும் சுமார் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், கசிவு வெளியேற வழி வேண்டும்.

இப்படி ஒட்டியும் பிளந்தால் தையல் வேண்டும். வெட்டுப்பட்டு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் மூடுவது என்பது பழைய கணக்கு. முகத்தில் 24 மணி நேரம் வரை கூட மூடுவார்கள், சுத்தமான காயத்தில் மருத்துவர் இன்னும் தாராளமாக இருப்பார். ஒரு நாளுக்கு மேல் திறந்து கிடந்த காயத்தை வீட்டில் பட்டை போட்டு இழுத்து மூடவே கூடாது. அதற்குள் கிருமி பெருகியிருக்கும். மூடினால் உள்ளேயே சீழ் கட்டும். சுத்தம் செய்து, திறந்தே வைத்து, சில நாள் கழித்து மூடுவதா, தானாக அடியிலிருந்து நிரம்பி ஆற விடுவதா என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை.

அடியில் தையல் இருக்கும் அறுவைக் காயத்தில் அரை செ.மீ. போல ஓர் இடம் மட்டும் மேலோட்டமாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும். இருந்தாலும் காட்டுங்கள்.

விளிம்புகள் ஒரே மட்டத்தில் இல்லை, அல்லது உள்ளே மடிந்திருக்கின்றன

ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் ஒட்டிய கையோடு சரிசெய்ய வேண்டும். அந்த ஒரு பட்டையை மட்டும் எடுத்து, விளிம்புகளை விரலாலோ ஃபோர்செப்ஸாலோ (சிறு இடுக்கி) சமமாக்கிப் புதிய பட்டை வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்து வருத்தப்பட்டுப் பிரிக்காதீர்கள். அப்போது நீங்கள் பிரிப்பது ஆறிக்கொண்டிருக்கும் தோலை.

உள்ளே மடிவதைப் பட்டையால் தீர்க்க முடியாது. நல்ல தையல் விளிம்புகளைச் சற்று வெளிப்பக்கம் எழும்ப வைக்கும். நாளடைவில் அந்த மேடு தட்டையாகித் தழும்பு மட்டமாகும். பட்டை மேலிருந்து படுத்துப் பிடிப்பதால் அப்படி எழுப்பத் தெரியாது. அதனால்தான் ஆழமான காயங்களில் முதலில் உள்தையல், பிறகு பட்டை.

இதைச் சொல்லும்போது பட்டையின் வயதையும் சொல்லிவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பாரே முகக் காயங்களில் இருபுறமும் துணிப்பட்டையைப் பசையால் ஒட்டி, தோலைக் குத்தாமல் அந்தத் துணிகளை மட்டும் சேர்த்துத் தைத்தார். தழும்பின் இருபுறமும் ஊசிக்குத்துப் புள்ளிகள் வேண்டாம் என்பதே நோக்கம். இன்று பட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே காரணம்தான் முதலில் வருகிறது. ஊசித்தடம் வழியே கிருமி உள்ளே போகாது என்பது அடுத்தது. குழந்தைகளுக்கு மூன்றாவது காரணமும் உண்டு: ஊசி இல்லை, அழுகை குறைவு. ஆனால் வாய்க்கு அருகில் ஒட்டியதைக் குழந்தை அரை மணியில் பிய்த்து எடுத்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டையின் முனையில் கொப்புளம்

தெளிந்த நீர் கோத்த கொப்புளம், சரியாகப் பட்டை முடியும் இடத்தில் இருக்கிறதா? அது கிருமியும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. இழுவையால் வந்தது. பட்டையை நீட்டி இழுத்து ஒட்டியிருப்பார்கள், அல்லது ஒட்டிய பிறகு அடியில் வீக்கம் வந்திருக்கும். பட்டை நீளாது, தோல் வீங்கும். மேல்தோல் அடித்தோலை விட்டுப் பிரிந்து இடையில் நீர் சேரும். முழங்கால், இடுப்பு அறுவைகளுக்குப் பிறகு வீக்கம் அதிகம் என்பதால் அங்கே இது அடிக்கடி தென்படும்.

அந்தப் பட்டையின் முனையை நனைத்து, மெதுவாகக் கொப்புளத்தை விட்டு விலக்குங்கள். காயத்தின் மேல் இருக்கும் நடுப்பகுதியை எடுக்க வேண்டாம்; முனையை மட்டும் வெட்டிவிடலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அந்தத் தோலே நல்ல மூடி. தானாக உடைந்தால் சுத்தமாகக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் வையுங்கள். காலாக இருந்தால் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். பல இடத்தில் பெரிய கொப்புளங்கள், ரத்தம் கலந்த கொப்புளங்கள், சர்க்கரை நோயாளியின் காலில் கொப்புளம் என்றால் அன்றே காட்ட வேண்டும்.

அரிப்பு, சிவப்பு

ஆறும் காயம் அரிக்கும். சிவப்பும் கொஞ்சம் இருக்கும். எனவே அரிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. சிவப்பின் வடிவத்தைப் பாருங்கள்.

காயக்கோட்டை ஒட்டி ஒரு சில மி.மீ. அளவுக்கு இளஞ்சிவப்பு, நாளுக்கு நாள் குறைகிறது: இயல்பு.

பட்டையின் வடிவத்திலேயே, அச்சு வைத்தது போலச் செவ்வகச் சிவப்பு, பட்டையை எடுத்த ஓரிரு நாளில் மங்குகிறது: பசையால் வந்த எரிச்சல். தோல் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் இது அதிகமாகும்.

செவ்வகத்தைத் தாண்டி, பொடிப்பொடிக் கொப்புளங்களோடு, தூங்க விடாத அரிப்பு: ஒவ்வாமை. அக்ரிலேட் பசையால் வரலாம், டிங்சர் பென்சாயினால் வரலாம், காயத்தில் தடவிய ஆன்டிபயாடிக் களிம்பினாலும் வரலாம்; நியோமைசின் உள்ள களிம்புகள் இதற்குப் பேர்போனவை. பட்டையை அகற்ற வேண்டும். அடியில் தையல் இருந்தால் கவலையில்லாமல் அகற்றலாம். இல்லையென்றால் காயத்தைப் பிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும் என்பதால் மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க வேண்டும். அதோடு, எதனால் வந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறுவைக்கு முன் சொல்ல உதவும்.

காயத்திலிருந்து வெளியே பரவிக்கொண்டே போகும் சிவப்பு, தொட்டால் சூடு, நாளாக ஆகக் கூடும் வலி, சீழ், நாற்றம், காய்ச்சல்: கிருமித்தொற்று. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல் தலைகாட்டும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். சிவப்புக் கோடு காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடினாலும் அப்படியே. வலி குறைந்துகொண்டு வந்து, நான்காம் நாள் திரும்பக் கூடுவதை நான் சிவப்பைவிட நம்புவேன். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் படாது; அங்கே சூட்டையும் வலியையும் கெட்டித்தன்மையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பட்டை ரத்தத்தில் ஊறியிருக்கிறது, கசிகிறது

முதல் ஓரிரு நாளில் பட்டையில் காய்ந்த ரத்தக்கறையும், மஞ்சள் கலந்த தெளிந்த நீரும் இருப்பது சகஜம். புதிய ரத்தம் வந்தால் பட்டைக்கு மேலேயே காஸ் வைத்து அழுத்துங்கள், பட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிக நேரம் எடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பட்டைக்கு அடியில் நீலமாக, கெட்டியாகத் திரண்டு வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. கழுத்து அறுவைக்குப் பிறகு இப்படி வீங்கி, மூச்சு முட்டினாலோ குரல் மாறினாலோ அது அவசரநிலை. ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

வயிற்று அறுவையில் இன்னொரு விசேஷ அறிகுறி. ஐந்தாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள், அதுவரை உலர்ந்திருந்த காயத்திலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் நிறைய வந்தால், மேலே தோலும் பட்டையும் நன்றாக இருந்தாலும் அடியில் வயிற்றுச் சுவரின் தையல் விட்டிருக்கலாம். படுத்துக்கொண்டு, சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். எதுவும் சாப்பிட வேண்டாம். மீண்டும் அறுவை தேவைப்படலாம்.

நனைந்துவிட்டது

முதல் 24 முதல் 48 மணி நேரம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கூடுதல் நாள் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே கணக்கு. அதன் பிறகு மேலிருந்து ஊற்றிக் குளிக்கலாம். தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். தொட்டியிலோ குளத்திலோ முங்கிக் குளிப்பது வேண்டாம். முதல் நாளே தெரியாமல் நனைந்தால் ஒற்றி உலர்த்துங்கள். நிற்கும் பட்டை நிற்கட்டும். ஹேர் டிரையரைச் சூடாக வைத்துக் காட்டாதீர்கள்.

விரல் நீலமாகிறது, விண்விண் என்று தெறிக்கிறது

யாரோ விரலைச் சுற்றி வளையமாகப் பட்டை ஒட்டிவிட்டார்கள். உடனே வெட்டிவிடுங்கள். விரலில் பட்டையை ஒருபோதும் முழுச் சுற்றாகப் போடக் கூடாது. வீக்கம் வரும்போது அதுவே இறுக்கும் கயிறாகிவிடும். சாய்வாகவோ, இரு முனையும் சந்திக்காமலோ வைக்கலாம்.

முதியவரின் தோல் பட்டையோடு உரிந்து வருகிறது

வயதான பிறகு, அதுவும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். கதவில் லேசாக இடித்தாலே ஒரு மடிப்பாகக் கிழிந்து நிற்கும். அந்த மடிப்பை இழுத்து வைத்துப் பட்டை ஒட்டுவதுதான் பல காலம் வழக்கமாக இருந்தது. இப்போது தோல் கிழிசல்களுக்குப் பட்டையை விரும்புவதில்லை. பட்டையை எடுக்கும்போது பக்கத்துத் தோலும் கிழிகிறது என்பதுதான் காரணம். மடிப்பை ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மேலே சிலிக்கோன் படலம் உள்ள டிரெஸ்ஸிங்கை வைத்து, மடிப்பின் திசையை அம்புக்குறியாக டிரெஸ்ஸிங்கின் மேல் எழுதிவிடுங்கள். அடுத்து எடுப்பவர் அந்தத் திசையிலேயே எடுப்பார், மடிப்பு திரும்ப உரியாது.

ஏற்கெனவே பட்டை ஒட்டியிருந்தால் எடுக்க அவசரப்பட வேண்டாம், தானாக விழட்டும்.

இரண்டு வாரம் ஆகியும் விழவில்லை

14 நாள் தாண்டினால் எடுத்துவிடலாம். குளித்த பின், பட்டை நன்றாக ஊறியிருக்கும்போது எடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் காயக்கோட்டைக் கடக்கும் கணத்தில் அதையும் பிளக்கும். ஒரு முனையைக் காயம் வரைக்கும் உரியுங்கள், அடுத்து மறு முனையைக் காயம் வரைக்கும் உரியுங்கள், கடைசியில் நடுவைத் தூக்குங்கள். மேல்நோக்கித் தூக்காமல் தோலோடு படுக்கையாக, மற்றொரு கையால் தோலை அழுத்திக்கொண்டு. பொருக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சற்று எண்ணெய் தொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்து முயலுங்கள். களிம்பு பசையை இளக்கும் என்று மேலே குறையாகச் சொன்னோமே, அது இங்கே உதவி.

ஆறிவிட்டது, ஆனால் தழும்பு அகலமாகிக்கொண்டே போகிறது

முதல் சில மாதங்களில் தழும்பு சிவந்து, கொஞ்சம் தடித்து நிற்பது வழக்கம். முதிர்ந்து வெளுக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அகலமாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதே இழுவிசை. உள்தையலுக்கு மேல் முதல் வாரத்தில் கூடுதலாகப் பட்டை ஒட்டுவதால் தழும்பு மேம்படுமா என்று ஒரே காயத்தின் ஒரு பாதியில் பட்டை ஒட்டியும் மறு பாதியில் ஒட்டாமலும் சோதித்த ஆய்வு உண்டு. மூன்று மாதம் கழித்துத் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாறாக, ஆறிய சிசேரியன் தழும்பின் மேல் 12 வாரம் தொடர்ந்து காகித டேப் ஒட்டியவர்களுக்குத் தழும்பு தடிப்பது குறைந்தது. ஆக, சில நாள் பட்டையால் இல்லை, மாதக்கணக்கில் இழுவையைத் தணிப்பதால்தான் பலன்.

காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு மைக்ரோபோர் போன்ற காகித டேப்பைத் தழும்பின் நீளவாக்கில் ஒட்டி, அது தானாகக் கழலும்போது மாற்றிக்கொண்டே இருங்கள். சிலிக்கோன் ஷீட்டும் ஜெல்லும் மாற்று. வெயில் படும் இடமானால் மூடி வையுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் தடவுங்கள்; புதுத் தழும்பு வெயிலில் கறுத்தால் வெளுக்கப் பல மாதம் பிடிக்கும். தழும்பு பழைய காயத்தின் எல்லையையே தாண்டி நல்ல தோலுக்குள் வளர்ந்து, அரித்து வலித்தால் அது கெலாய்டு. டேப் அதற்குப் போதாது. ஸ்டீராய்டு ஊசியிலிருந்து தொடங்கும் வேறு சிகிச்சை இருக்கிறது, தோல் மருத்துவரைப் பாருங்கள். வெட்டி எடுத்துவிட்டால் போயிற்று என்று மட்டும் போகாதீர்கள், வெறுமனே வெட்டிய கெலாய்டு பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாகவே திரும்பி வரும்.